சிபில்ல இருந்து பேசுறாங்களாம்!

என் ராசாத்திக்கு,

ஆடிப்பூரத் தேருக்குக் கண்டிப்பா வந்துருவேன்னு ஆசை காட்டிட்டு, கடைசி நேரத்துல லீவு கிடைக்கலைன்னு ஒத்தை வரியில மெசேஜ் போட்டியே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரலைடி. சிநேகவல்லி அம்மன் தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் உங்க அம்மா பக்கத்துலதான் நின்னேன். முட்டுவலியோட நின்னுக்கிட்டு, "என் மக வந்திருந்தா வளையல் வாங்கிக் குடுத்திருப்பேன்"னு பத்து தடவை சொல்லிட்டாங்க. சரி, திட்டுனது போதும். உனக்கு ஒரு சேதி சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன், நடுவுல பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு அதைத் துடைச்சுட்டு வர்றதுக்குள்ள எங்க விட்டேன்னே மறந்துபோச்சு.

ஆங், எதிர்வீட்டு மதினி. மகளிர் குழுவுல கணக்கு எழுதுவாங்களே, கூட்டத்துக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்களே, அவங்களேதான். போன வாரம் ஒருநாள் மத்தியானம் எங்க வீட்டுக்குள்ள வந்து, என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, நேரா என் மகன்கிட்டப் போய், "ஏப்பா, ஜிபேல புது ஆளுக்குப் பணம் அனுப்புறது எப்படி"ன்னு மெதுவாக் கேட்டாங்க. மூஞ்சி வெளிறிக் கிடக்கு. கொடியில துணி எடுத்துக்கிட்டு நின்ன நான், யாருக்கு எவ்வளவுன்னு துருவித் துருவிக் கேட்டதுல (என் குணம்தான் உனக்குத் தெரியுமே) ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு.

"சிபில் ஆபீஸ்ல இருந்து பேசுறோம் மேடம்"னு ஒருத்தன். நம்ம தமிழ்ல, மரியாதையா, அவங்க வீட்டுக்காரர் பேரு, ஆதார் கடைசி நாலு எண் எல்லாம் சரியாச் சொல்லிருக்கான். உங்க பான் கார்டுல ஒரு கடன் கட்டாம நிக்குது, ஸ்கோர் பாதாளத்துக்குப் போயிருச்சு, சாயங்காலத்துக்குள்ள திருத்தக் கட்டணம் கட்டலைன்னா பேங்க் கணக்கு முடங்கிரும், உங்களால உங்க குழுவுக்கே இனிமே லோன் கிடைக்காதுன்னுருக்கான். அந்தக் கடைசி வார்த்தையிலதான் மதினி விழுந்துட்டாங்க. பணத்தை விட, குழுவுல தலைகுனிஞ்சு நிக்கணுமேங்கிறதுதான் அவங்களை உலுக்கிருச்சு.

யோசிச்சுப் பாரு, நம்ம பக்கம் கடன் இல்லாத வீடு ஏது? சொசைட்டியில பயிர்க்கடன், மழை பொய்ச்சா நகைக்கடன், பிள்ளை படிப்புக்குக் குழுக்கடன். வாங்குறதுக்கு யாரும் வெக்கப்படுறதில்ல, கட்டலைங்கிற பேரு வந்துரக்கூடாதுன்னுதான் உசிரைக் குடுத்துக் கட்டுறோம். அவன் அந்த மானத்தைப் பிடிச்சுத்தான் உலுக்குறான். அதோட, "வீட்ல யாருகிட்டயும் சொல்லாதீங்க மேடம், உங்களுக்குத்தான் அசிங்கம்"னு அக்கறை வேற!

பேங்க்ல வேலை பாக்குற என் சின்னம்மா மகனுக்கு உடனே போனைப் போட்டேன். அவன் சொன்னதைக் கேட்டா உனக்கும் உதவும். சிபில்ங்கிறது 2000-ல தொடங்கின கம்பெனி, கடன் குடுக்கிறவங்க அனுப்புற விவரத்தை வச்சு 300-ல இருந்து 900 வரைக்கும் நமக்கு ஒரு மார்க் போடும். அது மட்டுமில்ல, எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இன்னும் மூணு இருக்கு. ஒருத்தர் கணக்கை முடக்குற அதிகாரம் இந்த நாலுல எதுக்குமே கிடையாது. பத்தாம் வகுப்பு மார்க் மாதிரிதான், காசு குடுத்துக் கூட்டிக்க முடியாது. நிஜமாவே கட்டாத கடனை யாராலயும் அழிக்க முடியாது, நாம வாங்காத கடன் நம்ம பேருல ஏறியிருந்தா திருத்தச் சொல்லிப் புகார் குடுக்கக் காசே வேண்டாம். முப்பது நாளுக்குள்ள தீர்க்காம இழுத்தடிச்சா, அதுக்கு மேல ஒரு நாளைக்கு 100 ரூபாய் நமக்கு இழுத்தடிச்சவங்கதான் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2023-ல சொல்லியிருக்கு. வருசத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையையும் நாலு இடத்துலயும் சும்மாவே பாத்துக்கலாமாம். இது தெரியாம, சும்மா கிடைக்கிறதுக்கு மதினி ஆயிரக்கணக்குல கட்டப் பாத்தாங்க.

"ஆதார் எண்ணெல்லாம் சொன்னானே"ன்னு மதினி கேட்டாங்க. அதுல என்ன அதிசயம்? ஜெராக்ஸ் கடையில, லோன் ஏஜெண்டுகிட்ட, சிம் விக்கிறவன்கிட்டன்னு நாம குடுக்காத இடமா? அமெரிக்காவுல ஈக்விபாக்ஸ் கம்பெனியிலயே 2017-ல கிட்டத்தட்ட 14 கோடியே 70 லட்சம் பேரோட விவரம் திருடு போச்சாம். நம்ம விவரம் தெரிஞ்சவனெல்லாம் ஆபீசர் ஆயிர முடியுமா சொல்லு.

போன் பண்ணினவன் மதினிக்கு வாட்ஸ்அப்புல ஒரு ஏபிகே பைல் வேற அனுப்பியிருந்தான், நல்லவேளை இவங்க தொடலை. அதைப் போன்ல ஏத்திட்டா, வர்ற ஓடிபியை எல்லாம் அவனே படிச்சுக்குவானாம். பணம் நமக்குத் திரும்பி வரும், பின் நம்பரைப் போடுங்கன்னு சொன்னா அதுவும் பொய், பணம் வர்றதுக்கு எதுக்குடி பின் நம்பர்? அவன் மறுபடி கூப்பிட்டப்ப என் மகன் போனை வாங்கி "எந்த ஊரு ஆபீஸ்?"னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், அவ்வளவு மரியாதையாப் பேசுனவன் கெட்ட வார்த்தை சொல்லிட்டு வச்சுட்டான்.

திட்டணும்னுதான் எனக்கும் வருது, ஆனா அந்தப் பக்கம் பேசுறவன்ல சில பேரு நம்ம பிள்ளைங்கதான்னு நினைச்சா வயித்தைப் பிசையுது. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு ஏஜெண்டு பேச்சை நம்பிப் போய், மியான்மர் மியாவாடியில அடைபட்டு, அடிக்குப் பயந்து இதே வேலையைச் செஞ்ச தமிழ்ப் பையன்களை 2022-ல மீட்டுக் கூட்டிட்டு வந்தாங்களே. இங்க இருந்தும் வெளிநாடு போகத் துடிக்கிற பயலுக எத்தனை பேரு. இன்னொரு கூத்து, கமிஷன் வருதேன்னு பேங்க் கணக்கை வாடகைக்கு விடுறதாம்! திருட்டுப் பணம் அது வழியாப் போகும், போலீஸ் முதல்ல வர்றது கணக்குக்காரன் வீட்டு வாசலுக்குத்தான். உன் தம்பிகிட்ட இதைச் சொல்லி வை, அவன் கூட்டாளிங்களைப் பாத்தா எனக்கு நம்பிக்கையே வரலை.

பணம் போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு உட்காராம அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்கணும், அப்புறம் பேங்க்ல சொல்லணும். பணம் ஒரு கணக்குல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க முடியும். ஓடிபியை நாமளே சொல்லியிருந்தா, பேங்குக்குத் தகவல் போற வரைக்கும் உள்ள நட்டம் நம்மோடது, தகவல் குடுத்த பிறகும் போனா அது பேங்க் பொறுப்பு. அதனால வெக்கப்பட்டு ராத்திரி முழுக்க மறைச்சு வைக்கிறவங்களுக்குத்தான் நட்டம் கூடுது.

மதினி இப்ப என்ன பண்றாங்க தெரியுமா? குழுக் கூட்டத்துல முதல் வேலையா இந்தக் கதையைத்தான் சொன்னாங்க, அதுவும் என்னமோ அவங்களே அவனைப் பிடிச்சு மடக்கின மாதிரி! நானும் வாயை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டினேன். இன்னும் ரெண்டு பேரு, எங்களுக்கும் இப்படி வந்துச்சுன்னு அப்பத்தான் சொன்னாங்க, அதுவரைக்கும் வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாதாம்.

உங்க மாமியாருக்கு இந்தக் கடுதாசியைப் படிச்சுக் காட்டு. காலண்டர்ல 1930-னு பெருசா எழுதி வை. உன் ஸ்கோரை, எவனோ அனுப்புற லிங்க்ல போகாம, நீயே சிபில் பக்கத்துக்குப் போய்ப் பாத்து எவ்வளவுன்னு எனக்கு எழுது. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், மதினிகிட்ட மட்டும்தான்.