காவிரிக் கரைச் சித்திரங்கள்

வெயிலை நாடிச் சித்திரக்காரர்கள் ஊர் விட்டு ஊர் போவது மேல்நாட்டிலே வழக்கம். பிரான்சு தேசத்தின் வட பகுதியிலே பிறந்த மத்தீஸ், 1905-ஆம் ஆண்டுக் கோடையில், மத்தியதரைக் கடலோரத்திலுள்ள கொலியூர் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே அடித்த வெயில் அவருடைய தூரிகையையே மாற்றிவிட்டது. சிவப்பும் நீலமும் கலப்பின்றிச் சுடர்விட்டன. அவ்வாண்டே பாரிஸில் அப்படங்களைக் கண்ட விமரிசகர் ஒருவர், அவருக்கும் தோழர்களுக்கும் 'காட்டு விலங்குகள்' என்று பெயர் சூட்டினார். அந்த ஏச்சே பிற்பாடு புகழாயிற்று.

அத்தகைய வெயிலுக்கு நமது சோழ நாட்டிலே பஞ்சமா? தை மாதத்தில் தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் புறப்பட்டோம். 8 மைல் தூரந்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து நதிகளைக் கடக்கிறோம். இரு மருங்கிலும் சம்பாக் கதிர்கள் முற்றித் தலை சாய்ந்து நிற்கின்றன. வரப்போரத்துத் தென்னைகளின் நிழல் வாய்க்கால் நீரிலே நெளிகிறது.

இந்தத் திருவையாற்றுக்குத்தான் 1941-ஆம் ஆண்டில் ஓர் இளைஞரை அனுப்பிவைத்தார், சித்திரக்காரர் மாலி. தியாகராஜ ஸ்வாமிகளின் இல்லத்திலிருந்த ஸ்ரீராம பட்டாபிஷேகப் படத்தை, ஆனந்த விகடன் தீபாவளி மலருக்காக எழுதி வரும்படி பணித்தார். 1924-இல் தஞ்சையிலே பிறந்து, கும்பகோணம் சித்திரப் பள்ளியில் பயின்ற கோபாலனே அவ்விளைஞர். 'கோபுலு' என்று நாடறிந்த பெயரும் மாலி இட்டதே.

1950-களில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு படம் வரைந்தார். கதாநாயகன் சிக்கல் நாதஸ்வர வித்வான். நாயகி திருவாரூர் நாட்டியக்காரி. இரண்டும் காவிரி பாயும் சீமையின் ஊர்களே. மத்தீஸுக்கு அயலூர் வெயில் வர்ணத்தை அளித்தது. கோபுலுவுக்கோ பிறந்த மண் மனிதர்களை அளித்தது. வித்வானின் மிடுக்கும், மிராசுதாரின் தோரணையும், திண்ணைப் பேச்சின் குறும்பும் நாலைந்து மைக்கோடுகளிலே உயிர் பெற்றன.

கட்டுக்குடுமியும் கடுக்கனும் இன்று அருகிவிட்டன. திண்ணைகளும் மறைந்து வருகின்றன. கோபுலுவும் 2015-இல் காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்திராவிட்டால், அந்த மனிதர்களை நம் குழந்தைகளுக்கு யார் காட்டுவது?

கும்பகோணத்துச் சித்திரப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. மேல்நாட்டுப் படங்களை அதன் மாணவர்கள் ஆர்வத்துடன் பயிலட்டும். பயின்ற கையோடு இந்த ஐந்து ஆறுகளையும் ஒருமுறை நடந்தே கடக்கட்டும். எழுதப்பெறாத முகங்கள் இக்கரைகளிலே இன்னும் எத்தனையோ காத்திருக்கின்றன.