மூன்றாம் எண்ணின் வாக்கு

நிரலெழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. யாரோ எழுதிப் பொதுவில் திறந்துவைத்த நிரல் நூலகங்களை எடுத்தாள்கிறார்கள். அவற்றுள் பல 2.4.7 என்பதுபோல் மூன்று எண்களைச் சுமந்து வருகின்றன. முதலெண் மாறினால் பழைய நிரல்கள் முறியலாம். நடுவெண் மாறினால் பழையன கெடாமல் புதியன சேர்ந்துள்ளன. மூன்றாம் எண் மாறினால் வழு நீங்கியிருக்கிறது, அவ்வளவே. டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த 'செமான்டிக் வெர்ஷனிங்' என்னும் இவ்வழக்கம் சட்டமன்று, வாக்கு. அதை நம்பியே மூன்றாம் எண் மாற்றங்களைக் கணினி தானாக ஏற்றுக்கொள்ள விடுகிறோம்.

வாக்கு தவறுவது பெரும்பாலும் தீய நோக்கத்தால் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த அலுவலகத்தில், தேதிகளைக் கையாளும் சிறு நூலகமொன்று மூன்றாம் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தது. தேதி இல்லாத இடத்தில் அதுவரை வெறுமையைத் திருப்பித் தந்த கூறு, அன்று பிழையென்று கூறி நின்றுவிட்டது. ஆவணத்தின்படி புதிய நடத்தையே சரி. ஆனால் எங்கள் ரசீதுகள் பழைய நடத்தையின்மேல் நின்றிருந்தன. அறை முழுதும் முகமறியாப் பராமரிப்பாளர்மேல் சினம். அவர் கூலியின்றி உழைப்பவர் என்பதை அந்நேரத்தில் எவரும் பேசவில்லை.

அவர் செய்தது எளிது. அன்று மாலைக்குள் பழைய நடத்தையை மீட்டு அடுத்த எண்ணில் வெளியிட்டார். எந்த வெளியீடு பழுதானது என்பதை மாற்றக் குறிப்பின் முதல் வரியில் எழுதினார். கண்டிப்பான புதிய நடத்தையைப் பின்னர் முதலெண்ணை உயர்த்தித் தந்தார்.

விதியும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: வெளியிட்டதை அதே எண்ணில் மாற்றாதே, புதிய எண்ணில் திருத்து, பயனருக்கு அறிவி. நம் பழைய பதிப்புகளின் கடைசியில் வரும் 'பிழை திருத்தம்' பக்கத்தைப் போன்றது இது. பைத்தானின் பைபிஐ களஞ்சியத்தில் பழுதான வெளியீட்டை அழிக்காமலே விலக்கிவைக்கலாம். புதிதாக நிறுவுவோர்க்கு அது தரப்படாது. அந்த எண்ணையே குறிப்பிட்டுக் கேட்போர்க்குக் கிடைக்கும்.

2020 ஏப்ரலில் 'இஸ்-பிராமிஸ்' என்னும் சின்னஞ்சிறு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 2.2.0 வெளியீட்டால் புதிய ரியாக்ட் திட்டங்களைத் தொடங்கவே முடியாமல் போயிற்று. பெயரிலேயே வாக்குறுதியைக் கொண்ட நூலகம் அது! சில மணி நேரத்தில் 2.2.2 வந்து சரிசெய்தது. நடந்தது என்ன என்பதை அதன் ஆசிரியர் பின்னர் விரிவாக எழுதிவைத்தார்.

இதில் விரைவுதான் முக்கியம் என்பேன். தவறான வெளியீடு சில மாதம் நிலைத்துவிட்டால், அதற்கேற்பத் தம் நிரலை மாற்றிக்கொண்டோர் பெருகிவிடுவர். பிறகு திருத்தமே அவர்களுக்கு முறிவாகும். அந்நிலையில் திருத்தத்தைக்கூட முதலெண்ணை உயர்த்தி வெளியிடுவது நன்றாக இருக்கலாம், சீர்தூக்கி முடிவெடுங்கள் என்று அவ்விதியே நெகிழ்ந்து கொடுக்கிறது. நாம் பராமரிப்பாளருக்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு: முறிவைக் கண்ட அன்றே, வசையின்றி, எந்த எண்ணில் எது மாறிற்று என்று அவருக்கு எழுதுவது.