கறைப்பல்

எங்க காலனியில் எடுத்த பழைய கல்யாண போட்டோ எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க, சிரிங்க" என்று கத்திப் பார்ப்பார். உதடு லேசா விரியும். பல் தெரியாது. பொம்பளைகள் பேசும்போது முந்தானை வாய்க்கு வந்துவிடும், சிரிக்கும்போது உள்ளங்கை. ஆம்பளைகளுக்குத் துண்டு இருக்கிறது. அடக்கமான சனங்கள் என்று கடன் கொடுக்க வந்த பேங்க் அதிகாரி ஒருத்தர் மெச்சிவிட்டுப் போனார்.

அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்க பல்லு காவி நிறம். சில பேருக்குச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. சில பேருக்கு மஞ்சள் கோடு. என்னைப் போல ஆளுங்களுக்கு முன்பல் எல்லாம் துருப்பிடித்த தகரம் போல பழுப்பு, நடுநடுவே ஊசியால் குத்தினது போல குழி. பாக்கு போட்டு வந்ததில்லை, புகையிலை போட்டு வந்ததில்லை. குடித்த தண்ணீர்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் இடையில் இருக்கிறது எங்க ஊர். ஊருக்கு ஏரிக்கரையில் கல் கட்டுக் கிணறு உண்டு. எங்க ஆயா காலத்தில் நாம் குடத்தோடு எட்டப் போய் நிற்க வேண்டும், யாராவது மனசு வைத்து ஊற்றினால் பிடித்துக்கொண்டு வரவேண்டும். 1927-இல் அம்பேத்கர் மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த சேதி எங்க ஊர் வந்து சேர ரொம்ப வருசம் ஆச்சு. வந்த பிறகும் கிணறு திறக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் காலனிக்குத் தனியாக ஒரு போர் போட்டு அடிபம்பு நட்டார்கள். ஆயா பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாளாம். "இனிமே எவன் வாசல்லயும் தண்ணிக்கு நிக்க வேண்டாம்." அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆழத்துத் தண்ணீர் கருங்கல் பாறைக்குள் வருசக்கணக்கில் கிடந்து, பாறையிலிருக்கும் புளோரைடைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நிறம் இல்லை, வாசம் இல்லை. காய்ச்சினால் போகாது, சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்திய அரசு வைத்திருக்கும் அளவு. எங்க பம்புத் தண்ணீர் அதைத் தாண்டியது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். குழந்தைக்கு ஏழெட்டு வயசு ஆகிறதுக்குள் நிலைப்பல்லெல்லாம் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இந்தத் தண்ணீர் உள்ளே போனால் பல்லின் மேல்பூச்சு, எனாமல், சரியாக இறுகாமல் நொய்ம்மையாக நின்றுவிடும். பல் முளைக்கும்போது சுண்ணாம்பாக இருக்கும், போகப் போகத்தான் பழுப்பு ஏறும்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் மெக்கே என்கிற பல் மருத்துவர் 1901-இல் இதே கறையைப் பார்த்துத் தேடத் தொடங்கினார். 1931-இல் தண்ணீரிலிருக்கும் புளோரைடுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பகுதியில் இது பல்லோடு நிற்காமல் எலும்பையும் முடக்குகிறது என்று 1937-இல் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். எங்க காலனியில் பம்பு நட்டது அதற்கு நாற்பது வருசத்துக்கும் மேலே கழித்து.

அஞ்சாம் வகுப்பில் ஒரு வாத்தியார் இருந்தார். சுத்தம் பற்றிப் பாடம் எடுக்கும்போது என்னை எழுப்பி நிறுத்தி, "ஈ காட்டு புள்ள" என்றார். காட்டினேன். "பாத்துக்கங்கடா, பல்லு வெளக்காட்டி இப்பிடித்தான் ஆகும். இதுங்க பழக்கம் அது." முதல் பெஞ்சில் ஊர்த்தெருப் பையன் ஒருத்தன் இருந்தான். அவன் பல்லும் என் பல்லும் ஒரே நிறம். அவங்க வீட்டுத் தோட்டத்திலும் ஆழமாகப் போர் போட்டிருந்தார்கள். அவனை யாரும் எழுப்பவில்லை. அவனுக்குப் பல் கறை, 'தண்ணி அப்பிடி'. எனக்குப் பல் கறை, 'சாதி அப்பிடி'.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா செங்கல்லை இடித்துச் சலித்துப் பொடியாக்கினாள். உப்பு, அடுப்புக்கரி, செங்கல் தூள் மூன்றையும் சேர்த்து, தலையை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு தேய்ப்பாள். ஈறு கிழிந்து ரத்தம் வரும். தேய்த்துக்கொண்டே அவளும் அழுவாள். கறை வெளியில் ஒட்டியதில்லை, பல்லுக்கு உள்ளேயே ஊறியது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

எங்க தாத்தா பண்ணையில் ஆள்காரராக இருந்தவர். பண்ணைக்காரர் வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும், மூச்சுக்காத்து அவர் மேல படக்கூடாது என்று. எங்க அப்பா அதை விட்டார். 'கையக் கட்டி நிப்பேன், வாயப் பொத்த மாட்டேன்' என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறார். அவர் விட்ட கையை நான் பல்லுக்காகத் திரும்ப எடுத்து வாயில் வைத்தேன். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. டைப்ரைட்டிங் படித்தேன், தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போனேன், கவுன்ட்டரில் உட்கார்ந்து நூறு பேருக்குப் பதில் சொன்னேன், கை இறங்கவில்லை. ஆபீசில் எங்க ஊர்த்தெரு அண்ணன் ஒருத்தரும் வேலை பார்த்தார். அதே கறை. அவர் வாயைத் திறந்து அட்டகாசமாகச் சிரிப்பார். அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வது, "பாவம், தர்மபுரித் தண்ணி." என்னைப் பற்றிச் சொன்னது என் காதிலேயே விழுந்திருக்கிறது, எழுத வேண்டாம்.

இப்போது எங்க பக்கத்து டவுன்களில்கூட 'ஸ்மைல் டிசைனிங்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டில் எப்போதும் ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை. அப்படி ஒரு கிளினிக்கில் நுழைந்தேன். டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த ஏரியா என்று கேட்டார். சொன்னேன். "பாக்கு, ஹான்ஸ் ஏதாவது போடுவீங்களா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. பத்துப் பல்லுக்கும் செராமிக் ஒட்டலாம் என்று ஒரு தொகை சொன்னார், அது என் நாலு மாதச் சம்பளம். எழுந்து வந்துவிட்டேன்.

2022-இல் சேலம் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே மேற்படிப்பு படிக்கிற பொண்ணு, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டது. விளக்கைத் திருப்பி, கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் முதல் வார்த்தை: "அக்கா, இது தண்ணியால வந்தது. உங்க தப்பு ஒண்ணுமில்ல." முப்பத்தெட்டு வயசில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் வாயிலிருந்து அதைக் கேட்டேன். நாற்காலி சாய்ந்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

ஒரே வைத்தியத்தில் ஆகிற காரியம் இல்லை என்று அந்தப் பொண்ணு தாளில் எழுதிக் காட்டியது. முதலில் பல்லிடுக்கில் காறையாகக் கட்டியிருந்த கல்லை எடுத்தார்கள். வெட்கத்தால் பல் டாக்டர்கிட்டயே போகாததால் கல் கெட்டிப்பட்டுக் கிடந்தது. ஈறு வீக்கம் வற்றாமல் மேலே எது செய்தாலும் நிற்காதாம், அதனால் இரண்டு வாரம் சும்மா இருக்கச் சொன்னார்கள். பிறகு இரண்டு சொத்தையை அடைத்தார்கள். மேல் வரிசையில் ஒரு பல் செத்துக் கருத்துப் போயிருந்தது. ஒன்பது வயசில் பம்பு கைப்பிடி எகிறி வாயில் அடித்த பல் அது. கறையையும் அந்தப் பம்புதான் கொடுத்தது, அடியையும் அதுதான் கொடுத்தது. அதற்கு ரூட் கெனால் செய்து, வேருக்குள்ளே சுத்தம் பண்ணி அடைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் கறைக்கு வந்தார்கள். ஈறில் படாமல் ரப்பர் ஷீட்டை மாட்டி, அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையைப் பல்லில் வைத்து மெதுவாகச் சுற்றித் தேய்த்தார்கள். மேல்தோல் மாதிரி ஒரு மெல்லிசு அடுக்கு போகும், அதோடு மேலாக இருந்த கறையும் போகும். எனக்கு அம்மா ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. அவளும் தூளை வைத்துத் தேய்க்கத்தானே பார்த்தாள்? அளவும் மருந்தும் அவளிடம் இல்லை, அவ்வளவுதான். அடுத்து வெளுக்கிற மருந்து. பல் அச்சுக்கு ஏற்ற மாதிரி பிளாஸ்டிக் உறை செய்து, அதில் மருந்தை விட்டு ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். முதல் நாலு நாள் வெள்ளைத் திட்டு முன்னைவிட வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்து பயமாக இருந்தது. கூச்சம் வேறு, காத்துப் பட்டால்கூட பல் கூசியது. அப்புறம் சமமாகிக்கொண்டு வந்தது. ஆழத்தில் இருந்த பழுப்பு போகவில்லை. அது போகாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்.

வெளுத்ததும் உடனே ஒட்ட முடியாதாம். மருந்தின் மிச்சம் பல்லில் இருக்கும்வரை பசை பிடிக்காது, அதனால் இன்னும் இரண்டு வாரம் இடைவெளி. பிறகு முன்பல்லில் குழியெல்லாம் மறைகிற மாதிரி காம்போசிட் என்கிற பல் நிறப் பசையை அடுக்கடுக்காக வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார்கள். புளோரைடு ஏறின எனாமலில் ஒட்டுவதற்கு முன்னால் போடுகிற அமிலம் சீக்கிரம் வேலை செய்யாதாம், மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் வைத்தார்கள். செத்த பல்லுக்கு மட்டும் செராமிக் உறை.

நிறம் பார்ப்பது ஒரு கூத்து. ஒரு அட்டையில் பதினாறு பல் வரிசையாக மாட்டியிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சாயல், எழுத்தும் நம்பரும் போட்டு. வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். ரொம்ப வெள்ளையாக இருந்ததை நான் கேட்டேன். சினிமா பல்லு வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்காதா? அந்தப் பொண்ணு சொன்னது: "மனுசப் பல்லு எதுவுமே அவ்வளவு வெள்ளை இல்லக்கா. கொஞ்சம் மஞ்ச கலந்ததுதான் நிஜம்." கீழ்ப்பல்லோடு சேர்கிற மாதிரி அதற்கு இரண்டு படி கீழே ஒன்றை எடுத்தோம். இந்தக் கருத்த முகத்துக்கு அதுதான் நன்றாக இருக்கிறது. போர்டு பொம்பளையின் பல்லை எனக்கு வைத்திருந்தால் கடன் வாங்கின பல் மாதிரி தெரிந்திருக்கும்.

நாலு மாதம், ஒன்பது நடை. பஸ்ஸில் போய்வர அரை நாள் போய்விடும், லீவு சொல்லித்தான் போனேன். "பல்லுக்கா இத்தன லீவு?" என்று கேட்டார்கள். ஆமாம், பல்லுக்குத்தான். வயித்துக்கே வழியில்லாத சனத்துக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று நம்ம ஆளுங்களிலேயே கேட்ட தோழர்கள் உண்டு. நல்ல செருப்பு, வெளுத்த வேட்டி போட்டதற்காகவே அடி வாங்கினவர்கள் நாம். நம்ம உடம்பு எப்படித் தெரிய வேண்டும் என்று அடுத்தவன் தீர்மானித்த வரலாறு நமக்கு இருக்கும்போது, பல் மட்டும் எப்படி அற்ப விசயமாகும்?

அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கழுத்து திரும்பாது. முதுகெலும்பு இறுகிப் போய், பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். அதுவும் அந்தத் தண்ணீரின் வேலைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பல்லுக்கு மேலே பூசலாம், எலும்பில் ஏறினதை எடுக்க வைத்தியம் இல்லை. வாயைப் பொத்த மாட்டேன் என்ற மனுசன் இப்போது எல்லாருக்கும் முன்னால் குனிந்தே நிற்கிறார். நான் அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். "அட, ஒங்க ஆயா பல்லு" என்றார். ஆயா பம்பு வருவதற்கு முன்னால் வளர்ந்தவள், அவளுக்கு வெள்ளைப் பல்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை இந்தப் புளோரைடிலிருந்து மீட்பதுதான் அதன் நோக்கம். காலனிக்கும் குழாய் வந்தது. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மேட்டிலிருக்கிற கடைசித் தெரு எங்களுடையது. குழாய் உடைந்தால், கரண்ட் போனால், எங்களுக்குத்தான் முதலில் நிற்கும். அப்போது சோத்துக்கும் குழம்புக்கும் பழைய போர்த் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். சோற்றில் போனாலும் அது உள்ளேதானே போகிறது. எட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்காவது டிரம்மில் சேர்த்த ஆற்றுத் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிராம சபையில் மனு கொடுத்தோம், இரண்டு தடவை.

காம்போசிட் சாசுவதம் இல்லை. சில வருசத்தில் மங்கும், டீயில் கறை ஏறும், கடினமானதைக் கடித்தால் ஓரம் பெயரும். இந்தப் பொங்கலுக்குக் கரும்பு கடித்து ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, முந்தானையை எடுக்காமலேயே, "எனக்கும் பண்ணுவாங்களா? எவ்வளவு ஆவும்?" என்று கேட்டாள். வருகிற புதன்கிழமை இரண்டு பேரும் சேலம் போகிறோம். எனக்கு ஓரம் ஒட்ட வேண்டும், அவளுக்கு முதலில் கல் எடுக்க வேண்டும்.