எலியைக் காணாத நத்தை

சில வருஷங்கள் நான் நத்தைகளைக் கொன்றுகொண்டிருந்தேன். கொலை என்ற சொல்லை அங்கே யாரும் உபயோகிக்கவில்லை; நானும்தான். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளன் வேலை. விடியுமுன் சேலையூரிலிருந்து கிளம்பி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போவேன். வலையில் மீனோடு வந்து, விலை போகாமல் மணலில் கொட்டிக் கிடக்கும் குப்பையில் கூம்புச் சங்குகளைப் பொறுக்கி, கடல்நீர் வாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். 'மீனா?' என்பார் கண்டக்டர். 'நத்தை' என்பேன். லக்கேஜ் போடலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

கோனஸ் அமடிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். பழுப்பு ஓட்டில் வெள்ளை முக்கோணங்கள். கையில் வைத்துப் பார்க்கத் தோன்றும். உள்ளே நூல் போலச் சுருண்ட ஒரு விஷக் குழாய். ஒரு பல், உள்ளே துளையுள்ள ஈட்டியாக மாறியிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்தக் குழாய் மட்டும். ஓடும் சதையும் வேறு வாளிக்குப் போகும்.

2003இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன் உள்ளிட்டவர்கள் இந்த நத்தையின் விஷத்திலிருந்த ஒரு சிறு புரதத் துண்டைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 26 அமினோ அமிலங்கள். அவற்றில் ஆறு சிஸ்டீன்கள், இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று முடிச்சுகள். நரம்பில் சோடியம் நுழையும் வாயில்கள் திறந்த மறுகணமே அடைபட வேண்டும். இது அடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது. நரம்பு ஓயாமல் சேதி சொல்லிக்கொண்டிருக்கும். அதன் பெயரில் உள்ள 2766 என்ற எண் அதன் மூலக்கூறு எடை. ஜீவன் எண்ணாகி விட்டதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மாவுக்கு அக்கி வந்து, கொப்புளம் ஆறிய பிறகும் வலி போகவில்லை. விலாவில் புடவை பட்டால் துடிப்பாள். அவளிடம் இன்னொரு கூம்பு நத்தையைப் பற்றிச் சொன்னேன். கோனஸ் மேகஸ், மீன் தின்பது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிலிப்பைன்ஸ்காரரான ஒலிவேராவின் கூடத்தில் அதன் விஷத்திலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றைப் பிரித்தார்கள். அது வேறொரு வாயிலை, கால்ஷியத்தின் வாயிலை, அடைக்கிறது. 2004 டிசம்பரில் தீராத வலிக்கு மருந்தாக அங்கே அனுமதி கிடைத்தது. தண்டுவட நீரில் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும்.

'முதுகுலயா? அதுக்கு இந்த வலியே இருந்துட்டுப் போகட்டும்' என்றாள். பிறகு, 'ஏண்டா, நத்தைக்கு எதுக்கு அவ்வளவு வெஷம்?'

'மெதுவாப் போற ஜந்து. இரை ஓடிடுமே.'

'உன் நத்தை என்ன தின்னும்?'

'மத்த நத்தைகளை.'

'அதுவும் மெதுவாத்தானே போகும்?'

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நத்தை தின்னும் நத்தையின் விஷத்தைச் சோதித்துப் பார்த்தது எலி மூளையின் சோடியம் வாயிலில். குறை சொல்லவில்லை, எலியின் வாயிலே நம்முடையதற்குப் பக்கம். ஆனால் கடலடி மணலில் இந்த ஜீவன் ஒரு நாளும் எலியைக் கண்டிருக்காது. அதன் கேள்வி வேறு: இரை ஓட்டுக்குள் சுருண்டு கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது? அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. நூற்றுக்கணக்கில் அறுத்தவன், ஒன்றுகூடச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. அம்மா வயிற்றெரிச்சலுக்கு அங்கே போய்ச் சங்கு பற்பம் வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, 'இதுவும் உன் ஜாதிதானே?' என்றாள். ஆமாம், சங்கும் கடல் நத்தைதான். புடம் போட்டபின் அதில் மிஞ்சுவது சுண்ணம். புரதம் என்று ஒன்றும் இருக்காது. அவர்கள் உடம்பை விட்டு ஓட்டை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஓட்டை விட்டு விஷத்தை. இரண்டு பக்கத்திலும் விட்டுப்போனது நத்தை.

அடுத்த முறை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடித் தொட்டி, மணல், கடல்நீர், காற்றுக் குமிழி விடும் மோட்டார். கூடவே சின்னதாக வேறொரு நத்தை. கூம்பு நத்தை மணலில் புதைந்து, மூச்சுக்குழலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இராத்திரிதான் வேட்டை என்பதால் கண் விழித்தேன். அம்மாவுக்கு எப்படியும் தூக்கமில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். மூன்று இரவு குழல் திரும்பித் திரும்பி எதையோ மோப்பம் பிடித்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டிருந்தன.

நான்காம் நாள் காலையில் சின்ன நத்தையின் ஓடு காலியாகக் கிடந்தது. நானும் கண்ணயர்ந்திருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். நாற்காலியிலேயே, வலி இருந்த பக்கமாகச் சாய்ந்து, விடிந்தது தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

அதைத் திரும்பக் கோவளத்தில் கொண்டுபோய் விட்டேன். கூடத்துக் கணக்கில் ஒன்று குறைந்தது. யாரும் கேட்கவில்லை.