அண்ணனின் சீட்

பந்தய சைக்கிளின் பழைய தோல் சீட்டுகள் ஏழு வைத்திருக்கிறேன். ஐந்து புரூக்ஸ், 1866-ல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. இரண்டு பிரான்சின் ஐடியல். கெட்டி மாட்டுத்தோலை எஃகுச் சட்டத்தின் மேல் இழுத்து ரிவிட் அடித்திருப்பார்கள். மெத்தை கிடையாது. புதிதில் பலகைதான்! பல நூறு மைல் ஓட்டிய பிறகே ஓட்டுபவரின் இடுப்பெலும்புக்கு ஏற்ப இரண்டு குழி விழும். தொய்ந்தால் மூக்கடியில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் முறுக்கலாம். மழையில் ஊறினால் போச்சு.

யாரும் உட்காராத சீட்டுக்குத்தான் சந்தையில் விலை. எனக்கு உட்கார்ந்ததுதான் வேண்டும். ஒரு புரூக்ஸில் இடப்பக்கக் குழி சற்று ஆழம். பர்மிங்காமில் வேலை பார்த்த காலத்தில் அண்ணன் ஓட்டியது. அவர் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவார்.

அதைத்தான் பேரன் தன் சைக்கிளுக்குக் கேட்கிறான். அவன் ஏறினால் குழி மாறிவிடும். மற்ற ஆறில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.