மலையிலிருந்து இறங்கிய புத்தகங்கள்

ஆலங்காயத்திலிருந்து ஒரு ரோடு ஜவ்வாதுமலைமேல் ஏறிக் காவலூருக்குப் போகிறது. இன்னொன்று வாணியம்பாடிக்கு இறங்குகிறது. மேலே போனால் வைணு பாப்பு வானாய்வகம், சாமைக் கொல்லை, காடு. கீழே போனால் டேனரி, ஷூ கம்பெனி, பெரும்பாலான மாதங்களில் மணல்கூட மிச்சமில்லாத பாலாறு. விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக டிபன் பாக்ஸோடு பெண்கள் நிற்பார்கள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கியவர்கள் ஜோலார்பேட்டைக்குப் போய், கூலி வேலைக்கு வெளியூர் ரயில் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு ‘உழைக்கும் வர்க்கம்’ என்றால் என்னவென்று புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் தோன்றும். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்கள் இருந்தன. அவை என்ன செய்தன, இன்றைக்கு நடக்கும் போராட்டங்களுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

புத்தகங்கள் பெரியப்பாவுடையவை. வாணியம்பாடி டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒரு தகர டிரங்குப் பெட்டி முழுக்க மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்கள். தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ மேலேயே இருக்கும். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் வரும்போது ரெண்டு ரூபாய், மூணு ரூபாய்க்கு வாங்கியது என்பார். சங்க ஆபீஸில் ஒருத்தர் வாசிக்க, ஏழெட்டுப் பேர் கேட்பார்களாம்.

“அவ்ளோ கஷ்டமான புத்தகமெல்லாம் புரியுமா பெரியப்பா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“புரியாத பக்கத்த ரெண்டு தடவ படிப்போம்டா. அப்பவும் புரியலன்னா டீ சொல்லிடுவோம்.”

1991இல் சோவியத் யூனியன் போனதோடு அந்த மலிவு விலைப் புத்தகங்களும் நின்றுபோயின. ஆனால் கூடி உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் அதற்கும் முன்பே குறைந்துவிட்டது என்று பெரியப்பா சொல்வார். டேனரிகள் நவீனமாயின, கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள், சங்க ஆபீஸில் உட்கார ஆளில்லை. புத்தகங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவற்றை உரக்கப் படிக்க ஒரு இடம் தேவைப்பட்டது, அந்த இடம் காணாமல் போனது.

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பிறகு, ஒரு பிரதி வாங்கி அவருக்குக் கொடுத்தேன். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் கதை. இரண்டு மாசம் எடுத்துக்கொண்டு படித்தார். முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, “இது சுண்ணாம்புக் குழியில நின்னவன் எழுதினதா, நின்னவனக் கேட்டு எழுதினதா?”

செல்வராஜ் திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்தவர் என்று சொன்னேன்.

“அப்ப கேட்டு எழுதினதுதான். நல்லாவே கேட்டிருக்காரு.”

எனக்குத் தெரிந்து இடதுசாரி இலக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சன அளவுகோல் கிடையாது. யாரைக் கேட்டு எழுதியது, எவ்வளவு நன்றாகக் கேட்டது?

*

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இடதுசாரி நூல் என்று நாம் அலமாரியில் ஒதுக்கி வைத்திருக்கும் எல்லைக்கு வெளியிலும் சில பிரதிகள் கிடைக்கின்றன. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதில் ஒன்று. எங்கள் பக்கத்து டேனரிகளால் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானதை ஒரு வேளாண் ஆய்வை மேற்கோள் காட்டி அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியதும் அதுதான். அதற்குப் பிறகும் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். ‘தோல்’ நாவலை இன்று படிக்கிறவர் அந்தத் தீர்ப்பையும் இந்தச் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நாவல் தொழிலாளியின் உடம்பைச் சொல்கிறது, தீர்ப்பு அவன் ஊர்க் கிணற்றைச் சொல்கிறது. தோல் கழிவு ரெண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

புத்தகமே இல்லாமல் நடந்த போராட்டங்களும் உண்டு. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நான் வேலை பார்க்கும் பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை. பி.எஃப். பணத்தில் முதலாளி போடும் பங்கை 58 வயது வரைக்கும் எடுக்க முடியாது என்று அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு அறிவிக்கை வந்திருந்தது. ஓசூர் ரோடு ஸ்தம்பித்தது. ரெண்டாம் நாளே மத்திய அரசு அறிவிக்கையை வாபஸ் வாங்கியது. எங்கள் ஆபீஸ் கேன்டீனில் பலர் ட்ராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதே அறிவிக்கை அவர்கள் பி.எஃப்.புக்கும் பொருந்தும், யாரும் படித்திருக்கவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த பெண்களுக்கு அது தெரிந்திருந்தது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், வேலையை விட்டால் கையில் வரும் ஒரே தொகை அது. யாருக்கு ஒரு வரி உயிர்ப் பிரச்சினையோ அவர்கள் அந்த வரியை நன்றாகப் படிக்கிறார்கள்.

அப்படியானால் மார்க்ஸ் எதற்கு, டிரங்குப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நண்பர்கள் கேட்கவும் செய்கிறார்கள். புத்தகக் கண்காட்சியில் சிவப்பு அட்டையைப் படம் எடுத்து ஸ்டோரி போடுவதைக் கிண்டலடிப்பவர்கள், போராட்டத்துக்குப் புத்தகம் தேவையில்லை என்ற இடத்துக்குச் சீக்கிரமே போய்விடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. காரணம் சொல்ல ஒருவருடைய வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறேன்.

மைதிலி சிவராமன் 1960களில் நியூயார்க்கில் ஐ.நா.வில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை பார்த்தவர். வியட்நாம் போருக்கு எதிரான அலை அடித்த அமெரிக்காவில் இடதுசாரி எழுத்துகளுக்குள் வந்தவர். ஊர் திரும்பினார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு அங்கே போனார், எழுதினார். ‘ராடிகல் ரிவ்யூ’ என்ற ஆங்கில இதழை என். ராம், ப. சிதம்பரம் ஆகியோரோடு சேர்ந்து நடத்தினார். நெல் கூலி கேட்டதற்கும் சாதிக்கும் தீக்கும் உள்ள தொடர்பை அந்தக் கட்டுரைகள் விவரித்தன. வெண்மணிக்குள் கூலி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு போனது அவருடைய படிப்புதான். கால் நூற்றாண்டு கழித்து, ஜனநாயக மாதர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக, அதே மனுஷி வாச்சாத்திப் பெண்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யப் போனார்.

ஆலங்காயத்திலிருந்து திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் என்று போனால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் 269 பேர் அந்த ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அரசு தரப்பு சொன்னது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் சங்கமும் விடவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. விசாரணை முடிவதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

முப்பத்தோரு வருஷம் அந்த வழக்கைத் தாங்கியது பெண்கள் சொன்ன சொல். அது மாறவில்லை. ஆனால் அந்தச் சொல்லை யாரோ உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது, திருப்பி வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது, டெல்லி வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. கூடவே ஒரு கேள்வியையும் விடாமல் கேட்க வேண்டியிருந்தது: சந்தன மரத்தில் கிடைத்த லாபம் எங்கே போனது, அடி மட்டும் ஏன் கூலிக்காரன் ஊரில் விழுந்தது?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைச் சுட்டுக் கொன்றபோது, செத்தவர்களில் பலர் ஜவ்வாதுமலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். இந்த முறை செம்மரம். டிவியில் ‘கடத்தல்காரர்கள்’ என்றே ஓடிக்கொண்டிருந்தது. லாபம் எங்கே போகிறது என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த வார்த்தை உறுத்தியது.

*

மலையில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். மலையாளி பழங்குடி. கேரளத்து மலையாளி கிடையாது, மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்லும் மலையாளி. திருப்பத்தூரில் டிகிரி முடித்துவிட்டு ஜீப் ஓட்டுகிறான். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யை அவனுக்குக் கொடுத்தேன். வீரப்பன் தேடுதல் வேட்டையில் அதிரடிப்படையிடம் சிக்கிச் சிதைந்த சத்தியமங்கலம் பக்கத்துப் பழங்குடிகளின் கதை. 2004இல் வந்த நாவல். எழுதியவர் வக்கீல், மனித உரிமைச் செயல்பாட்டாளர். பாதிக்கப்பட்டவர்களை நேரில் கேட்டவர்.

பத்து நாளில் திருப்பிக் கொடுத்தான். “இதுல எங்க ஊர் பேர் மட்டும்தாண்ணா இல்ல” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “வன உரிமைச் சட்டத்துக்கு ஒரு ஃபாரம் இருக்காமே, அத டவுன்லோட் பண்ணித் தர்றீங்களா?” என்று கேட்டான்.

2006 வன உரிமைச் சட்டமே ஒரு இயக்கத்தின் விளைச்சல். ‘ஆக்கிரமிப்பாளர்களை’ வெளியேற்றச் சொல்லி 2002இல் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகு, நாடு முழுக்க ஆதிவாசி அமைப்புகள் போராடியதால் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தைப் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றினால் பட்டா வழங்குவது பல வருஷம் முடங்கி, 2016க்குப் பிறகே நகர்ந்தது.

ஃபாரத்தோடு விதிகளையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். 13ஆம் விதி, எதையெல்லாம் சாட்சியமாக ஏற்கலாம் என்று பட்டியல் போடுகிறது. ரேஷன் கார்டு, வரி ரசீது, கிணறு, கல்லறை என்று போகும் அந்தப் பட்டியலில், மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிவான வாக்குமூலமும் இருக்கிறது. பெரியப்பா கேட்ட கேள்வி ஒரு சட்ட விதியாக அங்கே உட்கார்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். நண்பன் கேட்டான், நான் எழுதினேன். எழுபது தாண்டிய ஒரு ஆயா தன் ஓரகத்தி குடும்பத்துக்குச் சாட்சி சொன்னார். எந்த வருஷத்திலிருந்து உழுகிறார்கள் என்பதில் சிக்கல் வந்தது.

“வருசமெல்லாம் எனக்கெங்க தெரியும் சாமி? காவலூர்ல அந்தப் பெரிய கட்டடம் எழுப்புறப்ப நானும் அவளும் கல்லு சொமந்தோம். அப்பவே அந்தக் கொல்லையில சாம வெதச்சிருந்துச்சி.”

அந்தப் பெரிய கட்டடம் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கூண்டு. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. அப்படியென்றால் 2005க்கு இருபது வருஷம் முன்னால். நட்சத்திரம் பார்க்கக் கட்டிய கட்டடம் ஒரு சாமைக் கொல்லைக்குத் தேதி கொடுத்தது.

எழுதி முடித்ததும் உரக்க வாசித்தேன். ‘ஓடைக்கு மேற்கே’ என்ற இடத்தில் ஆயா நிறுத்தினார். “ஓட இல்ல, ஊத்து. ஓடன்னு எழுதுனா அது ஃபாரஸ்ட்டுக்காரன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடும்.” அடித்துத் திருத்தினேன். மறுபடி வாசித்தேன். தலையசைத்து, ரேகை வைத்தார்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கவனமாக இருக்கும் வாசகரை எந்தப் புத்தக வெளியீட்டு விழாவிலும் நான் பார்த்ததில்லை. ‘ஊத்து’ என்ற சொல்லில் ஒரு குடும்பத்தின் ஒன்றரை ஏக்கர் இருந்தது. இடதுசாரி நூல்களுக்கும் இன்றைய இயக்கங்களுக்கும் உள்ள தொடர்பு இந்த வேலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சொல்பவரைக் கேட்டு எழுதுவது, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுவது, அவர் திருத்தினால் திருத்துவது. மைதிலி சிவராமனும் பாலமுருகனும் செல்வராஜும் அதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். நம் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் அந்த வேலைக்கு நம்மைத் தயார்ப்படுத்துகின்றன. யாரிடம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. போவது நம் பொறுப்பு.

அன்றைக்கு எழுதிய ஒன்பது மனுக்களும் கிராம சபையில் நிறைவேறி, இப்போது உட்கோட்டக் குழுவிடம் இருக்கின்றன. எப்போது எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நண்பன் மாசத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறான். பக்கத்து ஊரிலிருந்து நான்கு குடும்பங்கள் ஃபாரம் கேட்டிருக்கிறார்கள். அங்கே எழுதுவதற்கு ஆள் இருக்கிறது, ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண். ப்ளஸ் டூ படித்தவள், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. விதிகளின் பிரதியையும், கூடவே ‘சோளகர் தொட்டி’யையும் அவளுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். விதிகளை முதலில் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.