கம்ப்யூட்டருக்குத் தெரியாத வீட்டுப்பேர்

கேரளப் பஞ்சாயத்துகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோன அமைப்பின் தலைமையில் இருந்தவர் ஒரு தாவரவியல் பேராசிரியர் என்றால் நம்மூரில் பலர் சிரிப்பார்கள். எம். கே. பிரசாத் எஞ்சினியர் அல்ல. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சைலன்ட் வேலி காட்டை அணைக்கட்டிலிருந்து காப்பாற்றப் போராடியவர்களில் முன்வரிசைக்காரர். 1999இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் கேரளா மிஷனின் நிர்வாகத் தலைவராகவும் இருந்தார். 2022 ஜனவரியில் காலமானார்.

யோசித்துப் பார்த்தால் இதில் விசித்திரம் இல்லை. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத்தின் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. பணம் போன இடத்துக்குக் கணக்கும் போக வேண்டும். அதற்கு முதலில் தேவைப்பட்டது மெஷின் அல்ல; பஞ்சாயத்து ஆபீஸின் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எதற்காக எழுதுகிறார்கள் என்ற ஞானம். பிறப்பு, இறப்புக்கு 'சேவன', திட்டத்துக்கு 'சுலேகா', வரிக்கு 'சஞ்சயா', கணக்குக்கு 'சாங்க்யா' என்று சாஃப்ட்வேர்கள் வந்தன. (பெயர் வைத்தவருக்கு சமஸ்கிருதத்தில் நல்ல பிடிப்பு.) 2024 ஜனவரி 1 அன்று நகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளிலும் கே-ஸ்மார்ட் வந்தது. இப்போது சான்றிதழ் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் கேரளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் தவறில்லை.

ஆனால் என் மேஜைக்கு வரும் காகிதங்கள் வேறு கதை சொல்கின்றன. கோவையில் மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு அகளி தூரத்து ஊர் அல்ல. சைலன்ட் வேலிக்குக் கிழக்கே, ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. அகளி, புதூர், ஷோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்கள் ஏறத்தாழ 190. அவர்களோடு தமிழரும் மலையாளிகளும். பிரசவம் சிக்கலானால் பலரைக் கோவைக்குத்தான் அனுப்புகிறார்கள். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே அகளிக் குழந்தைக்கு கோவையின் சான்றிதழ், தமிழிலும் ஆங்கிலத்திலும். தகப்பனின் காகிதங்களோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். இரண்டுக்கும் நடுவே பாலம் ஆங்கிலம் ஒன்றுதான். அந்தப் பாலத்தில்தான் பெயர் இடறி விழுகிறது.

பழனி என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ழகரம். ஆங்கிலத்தில் நாம் 'எல்' போட்டுவிடுகிறோம். அதை மலையாளத்தில் எழுதப்போகிறவருக்கு அது ல-வா, ள-வா, ழ-வா என்று எப்படித் தெரியும்? நம் 'க' ஒன்றே; மலையாளத்தில் நான்கு. இனிஷியலை நாம் பெயருக்கு முன்னால் வைக்கிறோம், அவர்களில் பலர் பின்னால். வீட்டுப்பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கேரளத்தில் அது இல்லாத முகவரி அபூர்வம். தமிழ்க் குடும்பங்களுக்கோ பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தில் ஊர்ப்பெயர் எழுதியவர், தாத்தா பெயர் எழுதியவர், கோடு போட்டவர் எல்லோரையும் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஓர் இருளர் இளைஞர் வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு விதம், அவருடைய காகிதங்களில் வேறு விதம். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன ஆபீஸில் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். கோவைக்கு இரண்டு நடை, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி. "ரெண்டு கவர்மென்டும் என்னை ரெண்டு ஆளாக்கிட்டாங்கண்ணா" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி வேலை வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். சறுக்கிய ஓர் எழுத்து அந்தப் பெண்ணோடு எத்தனை வருஷம் நடக்குமோ.

இத்தனைக்கும் கேரளத்தில் 1969லேயே ஓர் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழரும் கன்னடரும் தம் மொழியில் மாநில அரசின் உள்ளூர் அலுவலகங்களுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். கம்ப்யூட்டருக்கு முப்பது வருஷம் மூத்த சட்டம். இருளருக்கும் முடுகருக்கும் அதிலும் இடமில்லை.

பழைய பேரேட்டில் குமாஸ்தா 'என்கிற' என்று ஒரு சொல் போட்டு இரண்டு பெயரையும் எழுதிவிடுவார். அந்த 'என்கிற'வுக்கு ஒரு கட்டம் போடத் தெரிந்தவர்தான் உள்ளாட்சிக் கம்ப்யூட்டருக்குத் தலைமை தாங்கத் தகுந்தவர் என்பேன். எஞ்சினியர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். இந்தக் கட்டம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

அந்த இளைஞருக்கு ஒருவழியாக வில்லேஜ் ஆபீஸில் 'இருவரும் ஒருவரே' என்ற சான்றிதழ் கிடைத்தது. கேரளத்தில் அப்படியே ஒரு வகைச் சான்றிதழ் இருக்கிறது. இப்போது மகளின் சான்றிதழ், தன்னுடைய காகிதம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் காகிதம் ஆகிய மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். மனைவிக்கு இது ஏழாம் மாதம். இந்தத் தடவையும் டாக்டர் கோவைக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.